முதல் தடவையே ஓடாத கார்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில், வெயில் தகித்த ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது. கார் எஞ்சினைப் பற்றி நான் எழுதுகிறேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

என் கணவர் மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அண்ணன் தம்பிகள், பங்காளிகள் எல்லோரும் இரண்டு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே மகள். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தாள். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "அவளுக்குப் புடிச்சத படிக்கட்டும், உங்களுக்கு இன்னா கஷ்டம்" என்று அவர்கள் வாயை அடைத்தவர் என் கணவர்தான். படித்து முடித்து ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கும் சேர்ந்தாள்.

அப்பாவும் மகளும் சேர்ந்து சேலையூரில் ஒரு வீட்டில் பல வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வந்தார்கள். எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதிதுபோல ஆக்கி ஓட்டப் போகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் போர்ட்டிகோவில்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர், பழைய சுடிதாரில் அவள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். "அந்தப் பதினாலு ஸ்பேனரை எடுங்கப்பா", "டார்ச்சக் கொஞ்சம் கீழ புடி", அவ்வளவுதான். நான் டீ கொண்டுபோய் வைத்தால் அது ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். எஞ்சின் லேத்துப் பட்டறைக்குப் போய் வந்தது. பிஸ்டன்கள் புதிதாக வந்தன. டைமிங் செயின் மாட்டி மூடி, அடிப்பக்கத்து வேலையெல்லாம் முடிந்து மேல்பாகம் மட்டும் பாக்கி.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவள் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பையன். படப்பை. கிறிஸ்தவக் குடும்பம். பையனின் அப்பா கொத்தனார். அந்தப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தார். குழாயடியில் போய் சோப்புத் தூள் போட்டுக் கையை நன்றாகக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று நான் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னார். "அவ இஷ்டப்படி செஞ்சுக்கட்டும். நான் தடுக்கல. ஆனா எங்கிட்ட பேச வேணாம்னு சொல்லிடு."

பங்காளிகள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அவன் இப்படி, அவன் குடும்பம் அப்படி என்றார்கள். இவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர்களை எழுந்து போகச் சொல்லவும் இல்லை. மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு படப்பைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யார் பேச்சிலும் மருமகனுக்குப் பெயர் கிடையாது. பேச நேர்ந்தால் "அவன்" என்பார் என் கணவர்.

பிரித்துப்போட்ட எஞ்சினைக் கடையில் கிடந்த ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரால் மூடி வைத்தார். அப்படியே இரண்டு வருடம் போனது. நான் அவ்வப்போது தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் மகளைப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரியும் இருக்க மாட்டார், கேட்கவும் மாட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "பஸ் கெடச்சுதா" என்பார். அந்த ஒரு கேள்வியில் அவள் நன்றாக இருக்கிறாளா என்பதும் சேர்ந்திருப்பதாக நானாக எடுத்துக்கொண்டு, "கெடச்சுதுங்க, கூட்டம் இல்ல" என்பேன்.

ஒருநாள் காலையில் பார்த்தால் பேனரை எடுத்துச் சுருட்டி வைத்திருந்தார். கடைக்கு வந்துபோகும் குன்றத்தூர்க்காரர் ஒருவர், ஓடுகிற நிலையில் இருந்தால் காரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். "எதுக்கு இத்த வெச்சிக்கினு. மாட்டிப் பூட்டிக் குடுத்துடலாம்" என்றார். அந்தக் கார் போய்விட்டால் மகளுக்கென்று அந்த வீட்டில் மிச்சமிருந்த கடைசிப் பொருளும் போய்விடும் என்று தோன்றியது. ஆனால் நான் என்ன சொல்ல முடியும்?

அவரே தனியாக உட்கார்ந்து மேல்பாகத்தை மாட்டிப் பூட்டினார். எஞ்சினைத் தூக்கி வண்டிக்குள் இறக்க மட்டும் தெருமுனை பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்று கேட்டதற்கு, "பாதி முடிஞ்சதுதானே, நான் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லாம் மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்த அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன். எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். காருக்கு முன்னால் நின்று கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபடியே ஒயரைத் தொட்டு ஸ்டார்ட் செய்திருக்கிறார். அதன் வாயிலிருந்து தீ கிளம்பி வலது கையை நக்கிவிட்டது. ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அமுக்கிவிட்டார். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து சுருங்கியிருந்தது. புருவம் கருகியிருந்தது. முகம் தப்பியது கடவுள் செயல்.

அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கையைத் தண்ணீரில் காட்டச் சொன்னேன். அவரைக் கேட்காமலே மகளுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேனோ, வேண்டுமென்றே போட்டேனோ, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பதறிப்போய், "அம்மா, மறுபடியும் ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ மொதல்ல" என்றாள். பிறகு, "கார்புரேட்டர் வழியா வெடிக்குதுன்னா டைமிங் மாறியிருக்கும். அப்படியே ஆப்போசிட்டா இருக்கும்" என்றாள்.

குழாயடியிலிருந்து குரல் வந்தது. "இன்னா சொல்றா அவ?"

"டைமிங் மாறியிருக்காம்."

"மார்க்கு பாத்துதான் போட்டேன்னு சொல்லு."

"மார்க் பாத்துதான் போட்டாராம்" என்றேன் போனில். அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.

"அந்த மார்க் ரெண்டு தடவை வரும்மா. ஒரு தடவை கம்ப்ரெஷன்ல வரும், இன்னொரு தடவை புகை வெளிய போறப்போ வரும். எதுல வெச்சாருன்னு கேளு."

"ஏதோ ரெண்டு தடவை வருமாமே" என்றேன் அவரிடம். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் ஈரக்கையோடு இரண்டு எட்டு வைத்து என் பக்கத்தில் வந்து நின்றார். போனை வாங்கவில்லை. அன்றைக்கு அவரை டாக்டரிடம் அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் கடைக்குப் போகாமல் போர்ட்டிகோவிலேயே நின்றவர், "அவளுக்குப் போன் போடு" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. இருவரும் ஒருவர் சொல்வது ஒருவருக்குத் தெளிவாகக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள். ஆனால் "அவளைக் கேளு" என்று இவரும், "அப்பாகிட்ட சொல்லு" என்று அவளும் நடுவில் என்னை நிறுத்திவைத்துப் பேசினார்கள். எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் அமுங்கி நெருக்குகிற சரியான நொடியில் பொறி விழ வேண்டும். அது முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல். இங்கே அந்த நொடி அடியோடு மாறிப் போயிருந்தது.

கடைசியில் அவள் சொன்னாள். "முதல் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில அம்மாவை விரலை வைக்கச் சொல்லுங்க. நீங்க எஞ்சினைக் கையால மெதுவா சுத்துங்க. காத்து முட்டிக்கிட்டு வரப்போ மார்க்கு எங்க இருக்குன்னு பாருங்க."

சொல்லுங்க, சுத்துங்க, பாருங்க. அதெல்லாம் எனக்குச் சொன்னதல்ல. அவருக்கும் அது புரிந்தது. பிளக்கைக் கழற்றினார். நான் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டேன். அவர் கட்டுப்போட்ட கையோடு ஸ்பேனரைப் பிடித்துச் சுற்றினார். காற்று என் விரலை முட்டித் தள்ளியது. "இப்ப முட்டுதுங்க" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற, பொறியை ஒவ்வொரு பிளக்காகப் பங்கிட்டு அனுப்புகிற பாகம், அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, பிளக்கையும் மாட்டினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தார்.

எஞ்சின் ஓடியது. தடதடவென்று, ஆனால் ஓடியது. போன் என் கையில் இருந்தது. "ஓடுதுன்னு சொல்லு" என்றார் அவர். நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் அந்த வாரமே கார் குன்றத்தூர் போயிருக்கும். ஆனால் அது வெளியில் எடுத்ததும் மக்கர் செய்தது. ஜி.எஸ்.டி. சாலையில் மேம்பாலம் ஏறும்போது இழுக்கவே இல்லையாம். எஞ்சின் கொதித்து ஆவி வந்துவிட்டது. சைலன்சரில் டப் டப்பென்று சத்தம். பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள். முகம் தெரியாத இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டறையில் டைமிங் பார்க்கிற விளக்கைக் கொண்டுவந்து பார்த்ததில் டைமிங் மார்க்குக்கு நேராக, சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் வண்டி நகரவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "மேல நான் போட்டது எல்லாம் சரியா கீது. அடியில அவ போட்டதுதான். டைமிங் செயினைக் கோணலாப் போட்டுட்டுப் போயிட்டா. அவ மனசு அப்பவே இங்க இல்ல."

கடைசி வாக்கியம் எஞ்சினைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் மகளிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "அப்பாதாம்மா டார்ச் புடிச்சாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துட்டுதான் மூடினோம்" என்றாள். பிறகு அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கட்டுமான்னு கேளும்மா."

கேட்டேன். அவர் பேப்பரை மடக்காமலே, "வண்டியப் பாக்கத்தானே வர்றா. வரட்டும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே பைக் வந்து நின்றது. மகள் இறங்கி, தோளில் ஒரு பையோடு உள்ளே வந்தாள். வண்டி ஓட்டி வந்தவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எதிர்வீட்டு மதிலோரம் போய் நின்றுகொண்டார். மருமகனை நான் அதற்குமுன் பேக்கரியில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், "உள்ள வாங்க தம்பி" என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி. அவருக்குச் சங்கடமா இருக்கும். நான் இங்கியே நிக்கிறேன்" என்று தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். அந்த மதிலுக்கு நிழலே இல்லை. நான் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வேறென்ன செய்ய என்று தெரியவில்லை.

போர்ட்டிகோவில் அப்பாவும் மகளும் எஞ்சினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றிருந்தார்கள்.

"கை எப்படிப்பா இருக்கு?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஆறிடுச்சு."

இரண்டு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தாள். மேலே கீழே எல்லாம் பார்த்தாள். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் எங்கே தவறைக் கண்டுபிடிக்கப் போகிறாள் என்று. எஞ்சின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரத்தில், புல்லி என்பார்கள், அவள் கை நின்றது. டைமிங் பார்க்கிற கோடு அந்தச் சக்கரத்தின் விளிம்பில்தான் வெட்டியிருக்கும்.

"இது நம்ம புல்லி இல்லையே?"

"அது நான் மாட்டறப்போ விரிசல் வுட்டுடுச்சு. பழைய சாமான் கடையில இது கெடச்சுது. அளவு சரியாதானே உக்காந்துது."

சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்று வேண்டும் என்றாள். அவர் மாடிப்படிக்குக் கீழேயிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். "அம்மா, ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு குடு" என்றாள். பீரோ கண்ணாடியில் ஓரமாக ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். அது அவள் ஒட்டிவிட்டுப் போனதுதான்.

பிளக் ஓட்டைக்குள் அந்தக் கம்பியை நான் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே பிஸ்டன் மேலே வர வர கம்பியும் மேலே வரும். கம்பியில் ஒட்டிய பொட்டு ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்ததும் நான் சொல்ல வேண்டும். ஏறும்போது ஒரு தடவை, உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது ஒரு தடவை. இரண்டுக்கும் அவள் புல்லியில் சாக்பீஸால் கோடு போடுவாள். இரண்டு கோட்டுக்கும் நடுமையம் எதுவோ அதுதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. அவர் சுற்ற வேண்டும்.

"ஏறுது... ஏறுது... வந்துடுச்சு" என்றேன். அவள் கோடு போட்டாள். "இறங்குது... இறங்குது... நில்லுங்க." இன்னொரு கோடு. திரும்பச் செய்தோம். மறுபடியும் அதே இடம்தான் வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே வேலையில் கை வைத்து எத்தனை நாளாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டே பிடித்திருந்தேன். கம்பி ஆடாமல் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு கோட்டுக்கும் நடுவில் அவள் விரலை வைத்தாள். ஏற்கெனவே வெட்டியிருந்த கோடு அங்கிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

"நாம போட்டது எல்லாமே சரிப்பா" என்றாள். "இந்தக் கோடுதான் தப்பு. இது வேற மாடல் வண்டியோட புல்லி. அதுல மார்க் வேற இடத்துல இருக்கும். இத நம்பி வெச்சா பொறி லேட்டாதான் விழும். அதான் இழுக்கல, அதான் கொதிக்குது."

என் கணவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருவில் மாம்பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"நான் தப்ப உன் மேல சொன்னேன்" என்றார்.

"தெரியும்ப்பா. அம்மா சொன்னா."

"ம்."

மன்னிப்பு என்று அவர் கேட்டது அதுதான். அவளும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து போய்க் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, குச்சியில் தொட்டு அவளிடம் நீட்டினார். சரியான இடத்தில் அவள் புதுக்கோடு போட்டாள்.

இனி எஞ்சினை ஓடவிட்டுச் சரிசெய்ய வேண்டும். அவள் பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கை எடுத்தாள். பொறி விழும்போதெல்லாம் அதுவும் மின்னும். அந்த வெளிச்சத்தில், ஓடுகிற சக்கரத்தில் கோடு மட்டும் நின்ற மாதிரி தெரியும். அதை அவள் பிடித்துப் பார்க்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல டிஸ்ட்ரிபியூட்டரை இவர் மெல்லத் திருப்ப வேண்டும். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, அணையாமல் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது வராது.

"பக்கத்து வீட்டுப் பையன் கார் ஓட்டுவான். கூப்பிடட்டுமாங்க?" என்றேன்.

அவர் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அதான் வெளிய நிக்கிறாரே. அவர வரச் சொல்லு."

மகள் கையிலிருந்த விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினேன். "தம்பி, உங்களைக் கூப்பிடறாரு" என்றபோது மருமகன் முதலில் நம்பவில்லை. "என்னையா ஆன்ட்டி?" என்று கேட்டார். போர்ட்டிகோவுக்குள் வருவதற்கே ஷூவைக் கழற்றிக் கேட்டோரம் வைத்துவிட்டு, சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். சட்டை முதுகு முழுக்க வேர்வையில் ஒட்டியிருந்தது.

"கிளட்ச்ச மிதிச்சிக்கங்க" என்றார் என் கணவர். "நான் சொன்னதும் ஸ்டார்ட் பண்ணுங்க. மெதுவா குடுங்க, வுட்டுடாதீங்க."

"சரி சார்."

எஞ்சின் பழையபடி தடதடத்தது. மகள் குனிந்து விளக்கைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம்ப்பா... இன்னும்... போதும், அங்கயே வைங்க" என்றாள். அவர் திருப்பத் திருப்பச் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மூச்சுத் திணறுகிற ஆள் மாதிரி இருந்தது. பிறகு திணறல் குறைந்தது. கடைசியில் ஒரே சீராக, போர்ட்டிகோத் தரையே அதிராத அளவுக்கு அமைதியாகிவிட்டது. அவர் போல்ட்டை இறுக்கினார். மருமகனைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது.

நின்ற பிறகு நால்வருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மருமகன் சீட்டிலிருந்து இறங்கி, வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தார்.

"ரொம்ப நேரம் வெயில்ல நின்னுட்டீங்க" என்றார். "உள்ள வாங்க. சாப்டலாம்."

அன்றைக்கு வீட்டில் வற்றல்குழம்பும் கீரையும்தான். விருந்து என்று எதுவும் இல்லை. அவசரமாக அப்பளம் பொரித்தேன். இரண்டு ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். மருமகன் மோருக்குக் கை நீட்டத் தயங்கியபோது என் கணவர் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

குன்றத்தூர்க்காரரிடம் வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்ட அண்ணன் தம்பிகளுக்கும் அதே பதில்தான். "குடுக்கல. அவ்ளோதான்." அதன்பிறகு ஒருநாள் என்னை அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு படப்பைக்குப் போனார். மருமகனின் அப்பா, வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க சார்" என்றார். "சார்லாம் வேணாங்க" என்று சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மணல் விலையைப் பற்றியும் ஏரியில் தண்ணீர் வற்றியதைப் பற்றியும் பேசினார்கள். மனம் விட்டுப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புறப்படும்போது இவர் திரும்பிப் பார்த்து, "நீங்க ஒருநாள் வூட்டுக்கு வாங்க" என்றார்.

அவர்கள் வந்தார்கள். அந்த ஆடியும் ஆவணியும் வீட்டில் ஆள் நடமாட்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் மகளும் மருமகனும் வந்துவிடுவார்கள். காரில் செய்ய வேலை எதுவும் இல்லாவிட்டாலும் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மூன்று பேரும் நிற்பார்கள். மருமகன் எப்போது "சார்" என்பதை விட்டுவிட்டு "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவே இல்லை.

அதே வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் உயிர் போய்விட்டது. இறுதி யாத்திரையில் அவருக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் மருமகன். பங்காளிகள் யாரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் அழுதாள். ஆனால் அது மனதில் எதுவும் அடைபடாத அழுகை. பேசாமல் போய்விட்டாரே என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய நிலை வரவில்லை.

இப்போது அந்தக் காரை மருமகன் ஓட்டுகிறார். என்னைக் கோயிலுக்கும் டாக்டரிடமும் அழைத்துப்போகிறார். பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவேன். எல்லாரும் எந்த வேலையும் தடங்கல் இல்லாமல் முடிய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்த எஞ்சின் மட்டும் முதல் தடவையே சரியாக ஓடியிருந்தால், அது ஒரு வாரத்தில் விலைபோயிருக்கும், என் மகளோடு ஒரு வார்த்தை பேசாமலே அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்பதை நினைக்கும்போது, அன்றைக்கு அது ஓடாமல் நின்றதற்காக இன்றும் கைகூப்புகிறேன்.